கோதுமை ஏலாக் குடல்

மைதா மாவை நீர்விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, அவ்வுருண்டையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி மெல்ல அலசினால் நீர் வெளுக்கும். அதனைக் கொட்டிவிட்டுப் புதுநீர் விட்டு அலச, மீண்டும் வெளுக்கும். பலமுறை இவ்வாறு செய்தபின் நீர் தெளியும். கையில் மாவு இராது. மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஒரு சவ்வுத் திரளே எஞ்சியிருக்கும். நீரோடு போனது மாப்பொருள். எஞ்சியது கோதுமையின் புரதம். இத்தாலியின் பொலோஞா நகரத்து அறிஞர் யாக்கோப்போ பெக்காரி இம்முறையால் அதனைப் பிரித்தெடுத்த செய்தி 1745-இல் அச்சேறியது. குளூட்டன் என்று உலகம் வழங்கும் அப்புரதத்தைத் தமிழில் பசையம் என்கிறோம். பரோட்டா அடிப்பவர் மாவைக் கிழியாமல் வீசி விரிப்பதற்கும், ரொட்டி உப்பி எழுவதற்கும் இதுவே காரணம்.

மிகப் பெரும்பாலோர்க்கு இது வெறும் உணவு. உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்க்கோ, இது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும் பொருளாக மாறிவிடுகிறது. அந்நிலைக்குச் சீலியாக் நோய் என்று பெயர். இது செரிமானக் குறைவன்று. கோதுமை உண்டவுடன் தடிப்பும் மூச்சுத்திணறலும் தோன்றும் ஒவ்வாமையுமன்று. உடலின் காவற்படையாகிய நோயெதிர்ப்பு மண்டலம், பசையத்தைப் பகையெனக் கருதி எழுந்து, தன் குடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் இது. மேலைநாட்டார் நோய் என்றும், மிஞ்சினால் வடநாட்டார் நோய் என்றும் நம்மிடையே பலர் எண்ணியிருப்பதால், இங்கே இதனால் துன்புறும் சிலர் ஆண்டுக்கணக்கில் வேறு நோய்களுக்கு மருந்துண்டு வருகின்றனர். அவர்கள் பொருட்டே இதனை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புரதங்கள் யாவும் அமினோ அமிலங்களாலான நெடுஞ்சங்கிலிகள். உண்ட புரதத்தை இரைப்பையும் கணையமும் சுரக்கும் நொதிகள் துண்டு துண்டாக வெட்டுகின்றன. வெட்டுண்ட சிறு துணுக்குகளையே குடல் உறிஞ்சுகிறது. கோதுமைப் பசையத்தில் கிளையாடின், குளூட்டெனின் என இருவகைப் புரதங்கள் உள்ளன. பார்லியில் ஓர்டீனும், ரை என்னும் குளிர்நாட்டுக் கூலத்தில் செக்காலினும் இவற்றின் நெருங்கிய உறவுகள். (ரை வேறு, நம் கம்பு வேறு, கம்பில் பசையம் இல்லை.) இப்புரதங்களில் புரோலின், குளூட்டமின் ஆகிய இரு அமினோ அமிலங்கள் அளவிறந்து மிகுந்திருக்கின்றன. புரோலின் நெருங்கி நிற்கும் இடத்தில் மனித நொதிகளின் வெட்டு விழுவதில்லை. ஆகவே நம் எல்லோருடைய குடலிலும் பசையம் முழுதும் செரியாமல், நீண்ட துண்டுகளாகவே தங்குகிறது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட அத்தகைய துண்டு ஒன்றை 2002-இல் அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இனங்கண்டனர். இரைப்பை நொதிக்கும் கணைய நொதிக்கும் குடற்சுவர் நொதிக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

துண்டு தங்குவதால் மட்டும் நோய் வந்துவிடாது. அத்துண்டுகள் குடற்சுவரைக் கடந்து உள்ளே சென்றால், அங்கே திசு டிரான்சுகுளூட்டமினேசு என்னும் நொதி காத்திருக்கிறது. காயமுற்ற திசுக்களை ஒட்டிச் செப்பனிடுவது அதன் இயல்பான பணி. அது பசையத் துண்டிலுள்ள குளூட்டமினைத் தொட்டுக் குளூட்டாமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது; துண்டு எதிர்மின்னேற்றம் பெறுகிறது. இந்தச் சிறு வேதி மாற்றமே பெருங்கேட்டின் தொடக்கம். சிலருடைய உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. டிகியூ2 அல்லது டிகியூ8 என்னும் மூலக்கூறுகள், பிறவியிலேயே பெற்றோர் வழி வந்தவை, அமைந்திருக்கின்றன. மின்னேற்றம் பெற்ற துண்டு அவற்றின் பள்ளத்தில் இறுகப் பொருந்துகிறது. பொருந்தியதைக் கண்ட டி வெள்ளணுக்கள் பகை புகுந்ததாகக் கொண்டு கிளர்ந்தெழுகின்றன. அவற்றின் தூண்டுதலால் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. வியப்பு என்னவெனில், அவ்வெதிர்ப்பொருள்கள் பசையத்தை மட்டுமன்றி, அதனைத் தொட்டு மாற்றிய உடலின் சொந்த நொதியையும் குறிவைக்கின்றன. அந்த நொதியே இலக்கு என்பதை 1997-இல் செருமானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இன்று இந்நோயை ஒரு துளிக் குருதியில் தேட முடிகிறது என்றால், அக்கண்டுபிடிப்பே அதற்கு அடி.

நலமான சிறுகுடலின் உட்புறத்தில் குடலுறிஞ்சிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில், நாற்றங்காலில் நாற்று அடர்ந்து நிற்பதுபோல் நெருங்கி நிற்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சும் பரப்பு இவற்றாலேயே பன்மடங்கு பெருகுகிறது. நோய் முற்றிய குடலில் இவை குட்டையாகி, பிறகு அறவே மட்டமாகிப் போகின்றன. இடையிலுள்ள குழிகள் மட்டும் ஆழ்ந்து நீள்கின்றன. முதலில் தாக்குண்பது இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல். உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பது பெரிதும் அவ்விடத்தில்தான். எனவே வயிற்றுப்போக்கு இல்லாமலே, வயிற்றுவலி இல்லாமலே, குருதிச்சோகை ஒன்றை மட்டும் காட்டிக்கொண்டு இந்நோய் பல்லாண்டு மறைந்திருக்க இயலும். இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஈமோகுளோபின் ஏறவில்லை என்றால், மாத்திரையைக் குறைகூறுவதற்கு முன் அதை ஏற்க வேண்டிய குடல் எந்நிலையில் உள்ளது என்று கேட்க வேண்டும். இக்கேள்வி நம் மருத்துவ மனைகளில் போதிய அளவு எழுவதில்லை என்பதே என் வருத்தம்.

சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் சேராமையால் எலும்பு மெலியும். குழந்தை உயரமும் எடையும் ஏறாமல், கைகால் சூம்பி வயிறு மட்டும் உப்பி நிற்கும். பூப்பெய்துதல் தள்ளிப்போகும். சில மகளிர்க்குக் கருத்தரிப்பதில் தடையும் கருச்சிதைவும் நேரும். ஓயாத வாய்ப்புண், காரணம் புலப்படாத களைப்பு, கல்லீரல் நொதிகளின் உயர்வு, நடைத் தள்ளாட்டம் ஆகியவையும் இதன் முகங்களே. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தாங்கவொண்ணா அரிப்புடன் கொப்புளங்கள் எழும் தோல்நோய் ஒன்று உண்டு. தோலில் தோன்றினும் அதன் வேர் இதே பசையத்தில்தான். பாலைச் செரிக்கும் லாக்டேசு நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரப்பதால், அவை தேய்ந்த காலத்தில் பாலும் ஒத்துக்கொள்ளாமற் போகும். பாலே குற்றவாளி என்று கருதி அதை நிறுத்திவிட்டுக் கோதுமை ரொட்டியை ஊட்டும் வீடுகள் உண்டு.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை மனிதகுலம் அறிந்த வரலாறு நெடியது, வழிதவறல்கள் நிறைந்தது. இலண்டன் கிரேட் ஆர்மண்டு தெருக் குழந்தை மருத்துவமனையில் 1887-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மருத்துவர் சாமுவேல் கீ ஆற்றிய உரையில்தான் இந்நோய் தற்கால மருத்துவத்தில் முதன்முதல் தெளிவாக விளக்கப்பட்டது. இது குணமாவதாயின் உணவாலேயே குணமாகும் என்று அவர் திட்டமாகக் கூறினார். ஆயினும் எவ்வுணவு என்பதில் அவர் தடம் மாறியது. அரிசியும் சவ்வரிசியும் ஆகாவென விலக்கிய அவர், மெல்லியதாக அறுத்து இருபுறமும் வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். நாள்தோறும் சிப்பி உணவு உண்ட ஒரு குழந்தை தேறியதையும், சிப்பிக் காலம் முடிந்ததும் அது மீண்டும் நலிந்ததையும் கண்ணாரக் கண்டு எழுதியும் வைத்தார். உண்ணும் சிப்பியால் அன்று, உண்ணாத ரொட்டியால் அது தேறியிருக்கக்கூடும் என்ற எண்ணம் எழ இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஆசு என்பவர் வாழைப்பழ உணவுமுறையைப் புகுத்தினார். ரொட்டியும் கூலங்களும் உருளைக்கிழங்கும் நீக்கி வாழைப்பழத்தை மிகுதியாகக் கொடுக்க, சாகக்கிடந்த குழந்தைகள் எழுந்தனர். பெருமை முழுவதும் வாழைப்பழத்துக்குப் போயிற்று. தேறிய குழந்தைகளுக்குப் பின்னர் ரொட்டியைக் கொடுக்கத் தடையில்லை என்று கருதப்பட்டதால், பலர் மீண்டும் நோயில் வீழ்ந்தனர்.

விடை கண்டவர் வில்லெம் காரெல் டிக்கெ. 1905-இல் பிறந்த இவர், நெதர்லாந்தின் ஏகு நகரில் இருந்த யூலியானா குழந்தை மருத்துவமனையின் தலைவராக 1936 முதல் பணியாற்றினார். ரொட்டியை நிறுத்தியபோது தேறும் குழந்தைகளைப் போருக்கு முன்பே கவனித்து, கோதுமையற்ற உணவை ஆய்ந்து, 1941-இல் அதுபற்றி எழுதவும் தொடங்கியிருந்தார். 1944-ஆம் ஆண்டு இறுதியில் செருமானியப் படை உணவு வரத்தை மறிக்க, மேற்கு நெதர்லாந்து கொடும் பஞ்சத்தில் மூழ்கியது. மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த குளிர்காலம் அது. நாடே மெலிந்த அந்நாளில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினர். 1945 வசந்தத்தில் நேச நாட்டு வானூர்திகள் உணவு கொணர்ந்து இறக்க, ரொட்டி மீண்டும் கிடைத்தது. தேறியிருந்தோர் மீண்டும் நலிந்தனர்.

பஞ்சமே இந்த உண்மையைக் கண்டுபிடித்தது என்று கதையாகச் சொல்வோர் பலர். அது டிக்கெயின் உழைப்புக்கு நேர்மை செய்வதாகாது. பஞ்சத்தில் ஒரேயடியாகப் பல உணவுகள் மறைந்தன. எது குற்றவாளி என்பதைப் பஞ்சம் தானே சொல்லிவிட முடியாது. போருக்குப் பின் அவர் அதே குழந்தைகளுக்கு ஒரு காலம் கோதுமை, ஒரு காலம் அரிசி, ஒரு காலம் உருளைக்கிழங்கு என மாற்றி மாற்றிக் கொடுத்து, எடையையும் உயரத்தையும் பொறுமையுடன் பதிந்தார். ஊட்ரெக்ட்டில் வேதியியலார் வான் டெ காமர், மலத்தில் கழியும் கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறையை வகுத்தார். கோதுமை கொடுத்த நாள்களில் கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறியது. அரிசியிலும் உருளைக்கிழங்கிலும் அவ்வாறில்லை. 1950-இல் இவற்றை ஆய்வேடாக அளித்தார் டிக்கெ. மாப்பொருளன்று, பசையமே கேடு செய்வது என்பதை 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக் குழு உறுதிசெய்தது. அக்குழு செய்ததும் அடிப்படையில் பெக்காரியின் வேலையே: மாவை அலசிப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தது. பெருங்கருவிகள் ஏதுமின்றி, கண்காணிப்பாலும் அளவையாலும் எட்டிய இம்முடிவை மருத்துவ வரலாற்றின் உயர்ந்த சாதனைகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோரும் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தாரும் பிறரும் இணைந்து நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரை ஆய்ந்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கே 0.87 விழுக்காட்டினரிடமும், தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. வடக்கும் தெற்கும் பன்னிரண்டு மடங்கு வேறுபடுகின்றன. மரபணு வேறுபாடுதான் காரணமோ என்று பார்த்தால், டிகியூ2 அல்லது டிகியூ8 கொண்டோர் வடக்கே 38.1 விழுக்காடு, தெற்கே 36.4 விழுக்காடு. ஏறத்தாழச் சமம். மாறுபட்டது தட்டில் விழுந்த உணவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கே 25 கிராம்.

கோதுமையின் அளவு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. வடகிழக்கில் உண்ணப்பட்ட கோதுமை நாளொன்றுக்கு 37 கிராம்தான். ஆயினும் அங்கே எதிர்ப்பொருள் கொண்டோர் தெற்கைவிடப் பன்மடங்கு மிகுதி. குடல்வாழ் நுண்ணுயிர்கள், இளமையில் உறும் தொற்றுகள் எனப் பிற காரணங்களும் இருக்கக்கூடும். ஆனால் ஒன்று தெளிவு. இந்நோய்க்கு இடந்தரும் மரபணு தமிழரிடத்தில் மூன்றில் ஒருவர்க்கு மேல் இருக்கிறது. அவர்களுள் மிகச் சிலருக்கே நோய் வரும் என்பது உண்மை. மரபணு மட்டும் நோயாகாது. ஆயினும் விதை இங்கே இல்லை என்று சொல்லி நாம் ஆறுதல் அடைய இயலாது.

அந்த 25 கிராம் இன்றும் 25 கிராமாக இருக்கிறதா என்பதை நம் வீட்டு இரவுணவே சொல்லும். சர்க்கரை நோயாளிகளுக்கு இராவேளையில் சப்பாத்தி என்பது எழுதாத மருந்துச்சீட்டாகிவிட்டது. அவர் பொருட்டு வீடு முழுவதும் சப்பாத்தி உண்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் கைப்பெட்டியில் நூடுல்சும் ரொட்டியும், மாலையில் பிசுக்கோத்தும் பப்சும், தெருமுனையில் பரோட்டாவும் நின்று நிலைத்துவிட்டன. நியாய விலைக் கடையிலும் கோதுமை கிடைக்கிறது. அரிசியும் சிறுதானியமும் உண்டு பழகிய மக்கள்தொகையில் கோதுமை இவ்வேகத்தில் பெருகும்போது, நேற்றுவரை அரிதாய் இருந்த நோய் நாளையும் அரிதாகவே இருக்கும் என்று மருத்துவர்கள் கருதியிருப்பது தகாது.

இங்கே இந்நோய் கண்ணில் படாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடலுறிஞ்சிகள் தேய்வது சீலியாக் நோயில் மட்டுமன்று. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் வெப்பமண்டலக் குடல்நலிவு கொள்ளைநோயாகவே பரவியது. வேலூரில் பேக்கர், மத்தான் முதலிய மருத்துவர்கள் அதனை ஆழ்ந்து ஆய்ந்து உலகுக்கு அறிவித்தனர். அந்நோயிலும் குடலுறிஞ்சிகள் தேயும். சியார்டியா என்னும் ஒட்டுண்ணியும் ஒருவாறு இதனைப் போன்ற கோலத்தைக் காட்டும். ஆகவே நம் நிலத்தில் திசுத் துணுக்கை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் பிழை. சீலியாக் நோயை நினையாமலே விடுவதும் பிழை.

நோயறியும் முறை இன்று எளிது. திசு டிரான்சுகுளூட்டமினேசு நொதிக்கு எதிரான ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளைக் குருதியில் அளப்பதே முதற்படி. உடன் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவாக இருப்பதால், நோய் இருந்தும் சோதனை இல்லையென்று சொல்லிவிடும். எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால் அகநோக்கிக் கருவியை வாய்வழி செலுத்தி, முன்சிறுகுடலில் ஐந்தாறு இடங்களிலிருந்து திசுத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்வர். ஒன்றிரண்டு துணுக்கு போதாது. தேய்வு திட்டுத் திட்டாக இருக்கும். எதிர்ப்பொருள் இயல்பு வரம்பினும் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்து, வேறொரு குருதிச் சோதனையும் அதை உறுதிசெய்தால், குழந்தைகளுக்குத் திசு எடுக்காமலே நோயை முடிவு செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் நெறி வகுத்துள்ளனர்.

இதில் யாவரும் அறிய வேண்டியது ஒன்று. சோதனை நாள்வரை கோதுமையை உண்டுகொண்டிருக்க வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று தாமே ஐயுற்று நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துச் சோதனைக்குப் போவோர் உளர். அதற்குள் எதிர்ப்பொருள் தணிந்துவிடும். குடலும் ஓரளவு தேறிவிடும். நோய் இல்லை என்று விடை வரும். பிறகு உண்மை அறிய வேண்டுமாயின் மீண்டும் பல வாரம் கோதுமை உண்டு வருந்த நேரும். உறுதியான நோயறிதல் எதற்கு, விட்டால் போயிற்று என்பார்க்கு என் விடை இது: வாழ்நாள் முழுதும் ஒரு துகளும் ஆகாது என்னும் கட்டுப்பாட்டை ஐயத்தின்மேல் நிறுத்தி எவராலும் காக்க இயலாது. மேலும் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இந்நோய் இருக்கக்கூடும். அவர்களைச் சோதிக்க வேண்டிய கடமை, ஒருவர்க்கு நோய் உறுதிப்படும்போதுதான் எழும். இளமையிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல்வகைச் சர்க்கரை நோயாளிகளையும், தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயாளிகளையும், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளையும் இவ்வாறே சோதிப்பது நலம்.

மருந்து இன்னும் இல்லை. திசு டிரான்சுகுளூட்டமினேசு நொதியைத் தடுக்கும் ஒரு மாத்திரை குடலை ஓரளவு காப்பதாக 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது; ஆயினும் உணவுக்கு மாற்றாக எதுவும் ஏற்கப்படவில்லை. பசையமற்ற உணவே மருந்து. அது வாழ்நாள் மருந்து. தொடங்கிய சில வாரங்களில் களைப்பு நீங்கி முகம் தெளிவதை உடனிருப்போரே காண்பர். குழந்தைகளின் குடல் விரைந்து தேறும். வளர்ந்தோர்க்குப் பொறுமை வேண்டும். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் இரண்டாண்டில் மூன்றில் ஒருவர்க்கும், ஐந்தாண்டில் மூன்றில் இருவர்க்குமே குடற்சுவர் முழுதும் தேறியிருந்தது.

எவ்வளவு சிறிய அளவு கேடு செய்யும்? நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் பசையம் மூன்று மாதம் உட்கொண்டாலே குடல் மீண்டும் தேயத் தொடங்கும் என்று இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு சப்பாத்தியில் இரண்டு மூன்று கிராம் பசையம் இருக்கும் எனக் கொண்டால், 50 மில்லிகிராம் என்பது அதில் ஐம்பதில் ஒரு பங்கு. “கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது” என்று அன்பு மிகுதியால் வற்புறுத்தும் உறவினர் இக்கணக்கை அறிதல் வேண்டும். உண்டவுடன் வலி வராமையால் கேடு இல்லை என்று நோயாளியும் எண்ணிவிடலாகாது. கட்டுப்பாடின்றி நெடுங்காலம் உண்பவர்க்கு எலும்பு முறிவு முதல், அரிதாகச் சிறுகுடல் நிணநீர்ப் புற்றுவரை நேரக்கூடும்.

பஞ்சாபிலோ அரியானாவிலோ இந்நோய் கண்ட குழந்தையின் தாய்க்கு, மூவேளை உணவையும் புதிதாகக் கற்க நேர்கிறது. தமிழகத்து அடுக்களையோ இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. இட்லி, தோசை, இடியாப்பம், அரிசிப் புட்டு, ஆப்பம், பொங்கல், அடை, உளுந்து வடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எல்லாம் இயல்பிலேயே பசையமற்றவை. தினை, சாமை, வரகு, குதிரைவாலி, சோளம் ஆகியவையும் அவ்வாறே. வெள்ளரிசியோடு மட்டும் நின்றுவிடாமல் சிறுதானியத்தை நாள்தோறும் சேர்ப்பது நார்ச்சத்தையும் இரும்பையும் கூட்டும். கேழ்வரகின் 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. மெலிந்த எலும்புக்கு அதனினும் எளிய உதவி இல்லை. வெளிநாட்டுப் பெயர் தாங்கி உயர்ந்த விலைக்கு விற்கும் பசையமற்ற பிசுக்கோத்துகளைத் தேடி அலைவது இங்கே தேவையற்றது.

ஆயினும் மறைந்து புகும் பசையம் நம் சமையலிலும் உண்டு. முதன்மையானது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் தூய பிசின் சிறிதளவே. எஞ்சியது பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பாரிலும் ரசத்திலும் தாளித்த தயிர்ச்சோற்றிலும் அது நாள்தோறும் விழுகிறது. அரிசி மாவில் சேர்த்துச் செய்த பெருங்காயமும் கிடைக்கிறது. உறைமேல் அச்சிட்ட சேர்மானத்தைப் படித்து வாங்க வேண்டும். ரவையும் சேமியாவும் கோதுமையே என்பதை அறியாதார் இன்னும் உளர். உப்புமா, கேசரி, பாயசம், ரவா தோசை யாவும் விலக்குக்குரியவை. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. நோயுற்றார்க்கு நல்லதென்று கொடுக்கும் பார்லிக் கஞ்சி இவர்க்கு நஞ்சு. பிள்ளைகள் குடிக்கும் மால்ட் சத்துப் பானங்கள் முளைகட்டிய பார்லியால் ஆனவை, பீரும் அவ்வாறே. ஓட்சில் இயல்பாகப் பசையம் மிகக் குறைவெனினும், கோதுமையோடு கலந்துவருவதால் தூய்மை உறுதியில்லாத ஓட்சைத் தவிர்த்தல் நன்று. சோயா சாசிலும் கோதுமை உண்டு. கத்தோலிக்கத் திருப்பலியில் வழங்கும் அப்பமும் கோதுமையே; பசையம் மிகக் குறைத்த அப்பத்தைத் திருச்சபை ஏற்கிறது என்பதைப் பங்குத்தந்தையிடம் சொல்லிக் கேட்டுப் பெறலாம்.

மாவு மில்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முன்வந்தவரின் கோதுமை அரைபட்ட அதே கல்லில் நம் அரிசியோ கேழ்வரகோ விழும். முதலில் வரும் இரண்டு மூன்று கை மாவு முந்தியவருடையது என்பது மில்லுக்குப் போய்வரும் எல்லோரும் அறிந்ததே. மற்றவர்க்கு அது பொருட்டன்று. இந்நோயாளிக்கு ஒரு திங்கள் கட்டுப்பாட்டையும் வீணாக்க அதுவே போதும். வீட்டில் அரைத்துக்கொள்வதே உறுதியான வழி. வீட்டிலும் தனிச் சல்லடை, தனித் தோசைக்கல் வேண்டும். உணவகத்தில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசை வார்ப்பதும், சமோசா பொரித்த எண்ணெயிலேயே வடை பொரிப்பதும் வழக்கம். கேட்டுத் தெளிந்தே உண்ண வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படுவதில் பொருளில்லை. விருந்துக்கு அழைப்போரும் தனியே ஒரு கிண்ணத்தில் சோறும் தாளிக்காத கூட்டும் எடுத்துவைத்தால் போதும். உபசாரத்தில் அது குறைவாகாது.

உறையிட்ட பொருள்களில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் பசையம் இருந்தால் மட்டுமே பசையமற்றது என்று குறிக்கலாம் என்பது உலக நெறி; இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதையே விதித்துள்ளது. பசையமுள்ள கூலம் சேர்ந்திருந்தால் அதனை உறையில் தெரிவிப்பதும் சட்டம். அவ்வெழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில், கண்ணுக்கெட்டாச் சிறுமையில் இருக்கிறது. நம் மக்கள் படிக்கும் மொழியிலும் அளவிலும் அது வர வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

உடல் இளைக்க வேண்டும், தோல் மினுங்க வேண்டும் என்று நோயற்றவர்கள் கோதுமையை நீக்கும் வழக்கம் இன்று பரவுகிறது. நோயற்ற உடலுக்குப் பசையம் தீங்கு செய்வதாகச் சான்றில்லை. அவ்வழக்கத்தால் விளையும் பெருந்தீங்கு, உண்மை நோயாளியின் வேண்டுகோளும் வீம்பென்று கருதப்படுவதே.

உங்கள் வீட்டில் வளராத குழந்தையோ, இரும்பு மாத்திரைக்கு இணங்காத குருதிச்சோகையோ, மாதக்கணக்கில் தீராத வயிற்றுப்போக்கோ இருந்தால், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது சீலியாக் நோய்க்குரிய குருதிச் சோதனை செய்து பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். அதுவரை கோதுமையை நிறுத்தாதீர்கள்.